சம்பந்தியின் சிவப்புக் கிதார்

சற்றே அந்தப் பக்கம் நகர்ந்து அமர இயலுமா ஐயா? இதன் தலைப்பகுதி தங்கள் தோளில் இடிக்கிறது. தங்களுக்கு வலிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இதற்கு ஒரு கீறல் கூடுதலாக விழுந்துவிடும். இருக்கவேண்டிய கீறல்கள் எல்லாம் இதில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று கூடினாலும் பிழை, ஒன்று குறைந்தாலும் பிழை.

வீணை இல்லை ஐயா. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். நெற்றித் திருநீற்றையும் கழுத்து உருத்திராக்கத்தையும் பார்த்துவிட்டு இந்த உறையைப் பார்ப்பவருக்கு வேறு எதுவும் தோன்றாது. இது மின்கிதார். என் கையால் நான் செய்தது. திண்டுக்கல்லில் இருக்கும் என் சம்பந்தி அமலதாஸ் வைத்திருக்கும் சிவப்புக் கிதாரின் நகல். இன்று இதை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய அசலை வாங்கிக்கொண்டு திரும்பப் போகிறேன். தங்கள் புருவம் உயர்வது தெரிகிறது. நகலைக் கொடுத்தால் அசலை யார் தருவார் என்றுதானே? நான் கேட்கவில்லை ஐயா. அவரே கேட்டார். தொலைபேசியில், தாமாகவே கேட்டார். இந்தப் பேருந்து திண்டுக்கல் போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

என் பெயர் கயிலைநாதன். வீடு திருவானைக்காவில். இரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். கம்பி, சுருள், ஈயப் பற்றவைப்பு எல்லாம் கைக்குப் பழக்கம். காலையில் கோயில், மாலையில் பாராயணக் குழு. பதிகம் ஓதுவதும் பழைய உரைகளைப் படிப்பதும் தவிர வேறு நாட்டம் இல்லாமல்தான் இருந்தேன், என் மகன் குமரேசன் கல்யாணம் வரைக்கும்.

பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். ரோஸ்லின் என்று பெயர், கத்தோலிக்கக் குடும்பம். தங்கமான பெண், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் தகப்பனார்தான் அமலதாஸ். ஒரு காலத்தில் திண்டுக்கல், தேனிப் பக்கத்துத் திருவிழா என்றால் நீலவான் மெல்லிசைக் குழு வரவேண்டும். நீலவான் என்றால் அமலதாஸின் சிவப்புக் கிதார் வரவேண்டும். மனைவியை இழந்தவர். வீட்டில் அவரும் அந்தக் கிதாரும்தான்.

திருமண வரவேற்பில் மணமக்களை வாழ்த்தி, அடியார் பெருமை பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினேன். சுருக்கமாகத்தான். முடிக்கும்போது முன்வரிசையில் நால்வர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒலிபெருக்கி வைத்தவர். அவரால் போக முடியாது. பிறகு சம்பந்தி அந்தக் கிதாரை மாட்டிக்கொண்டு மேடை ஏறினார். பந்தியில் இருந்தவர்கள் கையைக் கழுவாமல் ஓடிவந்தார்கள். எங்கள் பாராயணக் குழுத் தலைவர் சண்முகசுந்தரம் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு வந்தார். எழுபது வயதில் அவர் பாயசத்தை விட்டு எழுந்து நான் பார்த்தது அன்றுதான்.

பொறாமை என்று என் மனைவி மங்கை சொல்வாள். அது பொறாமை அன்று ஐயா, ஆராய்ச்சி. அப்படி ஒரு கூட்டத்தை இழுக்க அந்த மரக்கட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பினேன். அவ்வளவுதான்.

நடத்துநர் அழைக்கிறார், ஒரு நிமிடம். "பெருசு, அந்தப் பெட்டிய மேல தூக்கிப் போடுங்க" என்கிறார். ஐயா நடத்துநரே, இது மேலே போகாது. மடியில்தான் வரும். வேண்டுமானால் என்னை மேலே போடுங்கள். சிரித்துக்கொண்டே போகிறார், நல்ல மனிதர்.

எங்கே விட்டேன்? ஆராய்ச்சி. அதன்பிறகு ஏதாவது காரணத்தை வைத்துக்கொண்டு திண்டுக்கல் போவேன். சம்பந்தி காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் கிதாரை மடியில் வைத்துக்கொள்வேன். அதன் உடம்பில் சும்மா விழுந்த வடு ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலபுராணம் உண்டு. கீழ் ஓரத்தில் உள்ள பள்ளம், வத்தலக்குண்டில் மேடை சரிந்தபோது விழுந்தது. தலைப்பகுதியில் கருகிய தடம், வாசிக்கும்போது புகையும் சிகரெட்டை அங்கே செருகி வைக்கும் பழக்கத்தால் வந்தது. முதுகில் வண்ணம் தேய்ந்து மரம் தெரியும் வட்டம், இடுப்பு வாரின் கொக்கி நாற்பது ஆண்டு உராய்ந்து உண்டாக்கியது. முன்தட்டில் மூன்று கோடுகள், ஒரு பஞ்சாயத்துத் தலைவர் போட்ட மாலையின் ஊசி இழுத்தவை. சம்பந்தி சொல்லச் சொல்ல, நான் உள்ளங்கையால் தடவித் தடவிக் கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் மகன்தான் கணினியில் காட்டினான். வெளிநாடுகளில் இது பெரிய ஈடுபாடாம். தாம் போற்றும் வாத்தியக்காரரின் கிதாரை அளவெடுத்து, கீறல், கறை உட்படச் செய்து வைத்துக்கொள்கிறார்களாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூலவரைப் பெயர்த்துக்கொண்டு வர இயலாத அடியவர் தம் ஊரில் அதே அளவில் ஒரு திருமேனி எழுந்தருளச் செய்வதில்லையா? அதுதானே இது. அன்றே சங்கற்பம் செய்துகொண்டேன்.

முதலில் கைப்பழக்கத்துக்காக ஒரு சிறிய ஆம்ப் செய்தேன். கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. பழைய வால்வு ரேடியோவின் கூட்டுக்குள் அடக்கினேன். மின்சாரம் கொடுத்ததும் அதிலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்தது பாருங்கள். கிதாரே மாட்டவில்லை, தானாக எழுகிறது. ஆதி நாதம் என்று கைகூப்பிவிட்டேன். சண்முகசுந்தரத்தை அழைத்துவந்து கேட்கச் செய்தேன், அவரும் கைகூப்பினார். ரோஸ்லின் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "மாமா, அதுக்கு எர்த் குடுக்கல" என்றாள். எர்த் கொடுத்தேன், நின்றுவிட்டது. இன்றுவரைக்கும் எனக்கு அதில் வருத்தம்தான்.

பிறகு கிதார். பழைய கதவுச் சட்டம் ஒன்றை இழைத்து உடம்பு செய்தேன். கடினமானது பிக்கப். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தம். அதைச் சுற்றி மயிரைவிட மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றவேண்டும். அதுதான் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்புவது. கணக்குத் தவறாமல் இருக்க நான் ஒரு வழி கண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஐந்தெழுத்து. வாய்க்குள் ஓதிக்கொண்டே சுற்றினேன். பாதியில் மங்கை வந்து, கத்தரிக்காயா வெண்டைக்காயா என்றாள். கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சுற்று கத்தரிக்காய் ஆகிவிட்டது ஐயா. முழுவதையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். ஆகவே என் கிதாருக்குள் ஆயிரக்கணக்கில் திருநாமம் அடங்கியிருக்கிறது. அது வேறு எவர் கிதாரிலும் கிடையாது.

வடுக்களை உண்டாக்குவது தனித் தவம். பள்ளத்துக்குச் சைக்கிள் சங்கிலி. வெள்ளை முன்தட்டைப் பழுப்பாக்கத் தேயிலை டிகாக்ஷன். கருகிய தடத்துக்கு ஊதுவத்தி வைத்துப் பார்த்தேன். சுடுகிறது, ஆனால் சாத்விகமாகச் சுடுகிறது. அசலின் தடத்தில் ஒரு முரட்டுத்தனம் உண்டு. வேறு வழியின்றி எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சிகரெட் கேட்டேன். கடைக்காரர் என்ன சிகரெட் என்றார். எது மெதுவாக எரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பற்றவைக்கவும் தெரியவில்லை, வாயில் வைத்து இழுத்தால்தான் பற்றும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். இழுத்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே சண்முகசுந்தரம், கையில் அர்ச்சனைத் தட்டுடன்.

"ஓய் கயிலை, இது எத்தனை நாளா?" என்றார்.

வழிபாட்டுக்காக என்றேன். உண்மைதானே. அதன்பின் ஒரு வாரம் பாராயணத்தில் என் பக்கத்தில் எவரும் அமரவில்லை. பிறகு அமர்ந்தவர்களும் மெல்ல முகர்ந்து பார்த்தார்கள்.

மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாக இருக்கும். எனக்கு வேண்டாம், கையில் எண்ணெய் பட்டால் இதைத் தொட முடியாது.

நகல் முடிகிற தறுவாயில் ஒரு வாய்ப்பு தானாக வந்தது. சம்பந்தியின் கிதாரில் ஃபிரெட் எல்லாம் தேய்ந்துவிட்டன. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள், விரல் வைக்கும் இடம். சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை என்றார். என்னிடம் அனுப்புங்கள் என்றேன். தயங்கினார். "சம்மந்தி, அது எனக்கு உசுரு. வேற எதையும் தொட்டுராதீங்க" என்றார். தொடுவேனா? அசலுக்குப் புது ஃபிரெட் போட்டேன், புதுக் கம்பி கட்டினேன். நகலுக்கும் அதே ஃபிரெட், அதே கம்பி. இரண்டையும் கட்டிலில் கிடத்திப் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றது.

சம்பந்தி வாங்கிக்கொள்ள வருவதற்கு முதல் நாள் ஆயுத பூசை. இரண்டையும் பூசையில் வைத்தேன். மாறிவிடக் கூடாதே என்று அசலின் கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் காப்பு கட்டினேன். சந்தனம், குங்குமம் இட்டு, பட்டுத் துணியால் மூடிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூசையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் எடுக்கக் கூடாது, தங்களுக்குத் தெரியும். மறுநாள் துணியை விலக்கினால் இரண்டு கழுத்திலும் காப்பு. மங்கையைக் கேட்டேன்.

"ஒண்ணுக்கு மட்டும் கட்டியிருந்தீங்க. இன்னொண்ணு என்னங்க பாவம் பண்ணுச்சு? அதான் நானும் கட்டினேன்."

பக்தையின் கருணை, கோபிக்க முடியுமா? சம்பந்திக்கு ஒரு போன் போட்டு ஏதாவது அடையாளம் கேளுங்கள் என்றாள். எனக்கு அது உசிதமாகப் படவில்லை. அவருடைய உயிரை அவருக்கே அடையாளம் தெரியாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்வதா? அதுவும் தவிர, தேவையும் இல்லை ஐயா. கண் இருக்கிறதே. ஒன்றில் முதுகு வட்டம் பூரணச் சந்திரனைப் போல இருந்தது. மூன்று கோடுகளும் திருநீற்றுப் பட்டையாக ஒரே சீராக ஓடின. மற்றதில் வட்டம் ஒரு பக்கம் கோணி, கோடுகள் தாறுமாறாக, பள்ளமும் அசிங்கமாக இருந்தது. எது மூலம், எது எளியேன் செய்தது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. குறை உள்ளது என்னுடையது. நிறைவு உள்ளது அவருடையது. அடக்கம் என்று ஒன்றை நான் இத்தனை ஆண்டு படித்ததற்குப் பயன் அன்று கிடைத்தது.

நிறைவானதைச் சம்பந்தியிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார். "கைக்குப் புதுசா இருக்கு சம்மந்தி" என்றார். ஃபிரெட் புதிது, அப்படித்தான் இருக்கும் என்றேன். தலையாட்டி எடுத்துக்கொண்டு போனார்.

கிறிஸ்துமசுக்கு எங்களை அழைத்திருந்தார். நள்ளிரவு ஆராதனை, கோயில் நிறையக் கூட்டம். சம்பந்தி வாசித்தார். என்ன சொல்வேன்! முன்னெல்லாம் அவர் வாசித்தால் கால் தாளம் போடும். அன்று கால் அசையவில்லை, நெஞ்சுதான் அசைந்தது. ஏதோ ஒரு திருநாமம் உள்ளிருந்து ஓயாமல் ஒலிப்பது போல இருந்தது. என்னை அறியாமல் ஐந்தெழுத்தை முணுமுணுத்துவிட்டேன், மாதா கோயிலில். மங்கை இடித்தாள். ஆராதனை முடிந்ததும் பங்குத் தந்தையே வந்து, கிதாரில் என்ன மாற்றினீர்கள் என்று சம்பந்தியை விசாரித்தார். நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்: இதுவல்லவோ மூலம். நீ எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உன் நகலுக்கு இந்த நாதம் வராது.

அந்தத் துக்கத்தோடுதான் ஊருக்குத் திரும்பினேன். என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். அதே கோணல் வட்டம், அதே தாறுமாறு. இதில் ஒரு வியப்பைச் சொல்லவேண்டும். இதை முகர்ந்தால் சிகரெட் வாடை வரும். நான் வைத்தது ஒரே ஒரு சிகரெட். இதிலோ நாற்பது ஆண்டு வாடை. அசலோடு ஒரே கட்டிலில் கிடந்ததல்லவா? அடியார் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு அவர்கள் குணம் பற்றிக்கொள்வது போல, வாடையும் பற்றிக்கொண்டது.

சென்ற வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். வண்ணத்தை முழுவதும் சுரண்டிவிட்டு, முதலிலிருந்து செய்வது. நடுக்கூடத்தில் செய்தித்தாளை விரித்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொண்டேன். சுரண்டுமுன் முன்தட்டைக் கழற்றவேண்டும். கழற்றினேன் ஐயா. உள்ளே, பிக்கப் உட்காரும் குழியின் ஓரத்தில், மெழுகு வைத்து ஒட்டி, நகத்தளவு ஒரு வெள்ளிப் பதக்கம். வேளாங்கண்ணி மாதா.

என் கையால் செய்த கிதார். என் கையால் குடைந்த குழி. நான் வைக்கவில்லை. அப்படியானால் யார் வைத்தது? தாமாக எழுந்தருளிய திருமேனிகளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். புற்றில் எழுந்தருளியது உண்டு, மரத்தில் உண்டு. பழைய கதவுச் சட்டத்தில், சைவன் ஒருவன் வீட்டில், மாதா எழுந்தருளினாள் என்றால் அது எப்பேர்ப்பட்ட கருணை. சுற்றிய திருநாமத்தின் குளிர்ச்சியை நாடி வந்திருக்கிறாள். நான் எழுந்து நின்று கைகூப்பி ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்து, அந்த மெழுகை விரல் நுனியால் தொட்டாள். கண்ணில் இருந்து பொலபொலவென்று நீர்.

"எங்க அம்மா இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க மாமா. அப்பா ராத்திரி புரோகிராம் போயிட்டுப் பத்திரமா வரணும்னு."

அற்புதத்தைக் கண்டால் எந்தச் சமயத்தவரும் உருகத்தானே செய்வார்கள். நான் அவளைத் தேற்றிவிட்டு, சரி அம்மா, நகர்ந்துகொள், பதக்கத்தைப் பத்திரமாக எடுத்துவிட்டு நான் சுரண்டவேண்டும் என்று உப்புத்தாளை எடுத்தேன். அந்தப் பெண் அதுவரைக்கும் என் எதிரில் குரல் உயர்த்தியதில்லை.

"மாமா, அதைக் கீழ வைங்க."

வைத்தேன். ஆயுத பூசை அன்று என்ன நடந்தது, காப்பு யார் கட்டினார், எதை அப்பாவிடம் கொடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் சொன்னேன். மங்கையும் வந்து நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் ரோஸ்லின் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குமரேசன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பக்தி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகத் தாக்கும்.

ரோஸ்லின் கிதாரைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டினாள். மாடிக்குப் போய் யாருடனோ பேசினாள். சற்று நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. சம்பந்தி.

"சம்மந்தி, ஒரு உதவி. உங்க கையில இருக்கிறதை எனக்குக் குடுத்துருங்க. என்கிட்ட இருக்கிறதை நீங்க வச்சுக்கங்க" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. உங்களிடம் இருப்பது உங்கள் உயிர் அல்லவா என்றேன்.

"என்கிட்ட இருக்கிறது உங்களுக்குச் சேரவேண்டியது சம்மந்தி. மூணு மாசம் வாசிச்சிருக்கேன். நாற்பது வருஷம் வாசிச்ச கை இது. இந்தக் கைக்கே..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, "நீங்க பெரிய ஆளு" என்றார். அவர் அப்படி எவரையும் சொல்லிக் கேட்டதில்லை என்று ரோஸ்லினே பிறகு சொன்னாள்.

ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். சுரண்டக் கூடாது, துடைக்கக் கூடாது, பதக்கத்தைத் தொடக் கூடாது, இருக்கிறபடியே கொண்டுவரவேண்டும். என்ன ஈடுபாடு பாருங்கள். தம்முடைய நாற்பதாண்டு உயிரை இந்த எளியவன் செய்த கோணல் வட்டத்துக்காகக் கொடுக்கிறார். மாதா எழுந்தருளிய இடம் என்பதால் அப்படிக் கேட்டிருக்கலாம். ஆனால் வேலைப்பாட்டிலும் ஏதோ கண்டிருக்கிறார். இல்லாவிட்டால் கேட்பாரா?

புறப்படும்போது ரோஸ்லின் என் பையைத் தானே சோதித்தாள். ஒரு துண்டு உப்புத்தாள் திருநீற்றுப் பைக்குள் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டாள். தானும் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், இது எனக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது என்றேன்.

அதோ, பேருந்து நிலையம் வந்துவிட்டது. அந்தத் தூணருகே வெள்ளைச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான் சம்பந்தி. வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தேன், வெயிலில் வந்து நிற்கிறார். பாருங்கள், என்னைப் பார்க்கவில்லை. என் மடியைத்தான் பார்க்கிறார். தோளில் மாட்டியிருப்பது அசல். இன்னும் சற்று நேரத்தில் அது என் மடிக்கு வந்துவிடும்.

தாங்கள் இங்கேதானே இறங்குகிறீர்கள்? அப்படியானால் ஒரு வேண்டுகோள். அவர் காதில் விழும்படி இதைச் சொல்லிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று அந்த அசலை அருகில் இருந்து பார்த்தேன். பின்புறத் தட்டில் ஒரு திருகாணி சற்றே சாய்ந்து இறங்கியிருக்கிறது. ஆம்பின் ஒயர் செருகும் துளைக்குள் ஈயம் கூடுதலாக வழிந்திருக்கிறது. செய்தவர் எவரோ, கை அவ்வளவு தேர்ந்தவர் அல்லர். மூலத்திலும் குறை இருக்கும் என்பது மனத்துக்குச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் பெருந்தன்மையோடு வாங்கிக்கொள்வேன். வீட்டுக்குக் கொண்டுபோய், ஓசைப்படாமல் திருத்திவிடலாம்.